வெப்பத்தைப் பிடிக்கும் பெட்டியும் வெப்பத்தை விரட்டும் பந்தலும்

சித்திரை மாத நண்பகலில், கண்ணாடிகளை ஏற்றி மூடி வெயிலில் நிறுத்திய காருக்குள் கால்மணி நேரம் அமர்ந்திருக்க எவரும் ஒப்பமாட்டார்கள். வெளியே 40 டிகிரி செல்சியஸ் இருந்தால், உள்ளே 55 டிகிரிக்கு மேலும் ஏறிவிடும். தாவரங்களுக்கென மனிதன் கட்டிய கண்ணாடி இல்லமும் இயற்பியல் நோக்கில் இப்படிப்பட்ட ஒரு மூடிய கார்தான். குளிர்நாட்டாருக்கு வரமாக வாய்த்த அந்த அமைப்பு, வெயில் நாடாகிய நம் நாட்டுக்கு வந்தபோது என்ன ஆயிற்று? விருத்தாசலம் போன்ற ஊர்களில் செடி வளர்ப்போருக்கு அந்த வரலாறு எதைச் சொல்கிறது? இவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

குளிரை வென்றவர்கள்

குளிரிலிருந்து செடிகளைக் காக்கும் முயற்சி மிகப் பழமையானது. கி.பி. முதல் நூற்றாண்டில் உரோமை ஆண்ட டைபீரியஸ் மன்னனுக்கு வெள்ளரி இனக் காய் ஒன்றின் மீது அளவற்ற விருப்பம். ஆண்டு முழுவதும் அது அவனுக்குக் கிடைக்க வேண்டும் என்பதற்காகத் தோட்டக்காரர்கள் சக்கரம் பொருத்திய பாத்திகளில் கொடிகளை வளர்த்தனர். பகலில் பாத்திகளை வெயிலுக்குத் தள்ளிச் செல்வர். குளிர் நாள்களில் ஒளி ஊடுருவும் கல்தகடு பதித்த சட்டங்களின்கீழ் வைப்பர். இச்செய்தியைப் பிளினி என்னும் உரோம அறிஞர் எழுதி வைத்துள்ளார்.

இதைவிட வியப்பானது கொரிய நாட்டுச் செய்தி. ஏறக்குறைய 1450ஆம் ஆண்டில் அங்கு எழுதப்பட்ட ஒரு நூலில், குளிர்காலத்தில் காய்கறி வளர்ப்பதற்கான இல்லம் ஒன்றின் கட்டுமான முறை கூறப்பட்டுள்ளது. மண்சுவர், தரைக்கு அடியில் அடுப்புப் புகை சென்று சூடேற்றும் வழி, தென்புறத்தில் எண்ணெய் தடவிய காகிதம் ஒட்டிய சாய்வான சாளரம். கண்ணாடி இல்லாமலே செயல்பட்ட இந்த இல்லத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவும். இதன் பொருள் பின்னர் விளங்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் இக்கலை உச்சத்தை எட்டியது. 1836 முதல் 1841 வரை சாட்ஸ்வொர்த் என்னுமிடத்தில் ஜோசப் பாக்ஸ்டன் ஒரு பெரும் கண்ணாடி இல்லத்தை எழுப்பினார். அதைச் சூடாக வைத்திருக்க எட்டுக் கொதிகலன்கள் இரவு பகலாக நிலக்கரியை விழுங்கின. முதல் உலகப் போரின்போது நிலக்கரி கிடைக்கவில்லை. உள்ளே இருந்த வெப்பநாட்டுச் செடிகள் குளிரில் மடிந்தன. 1920இல் கட்டடமே தகர்க்கப்பட்டது. இலண்டனை அடுத்த கியூ தோட்டத்தில் 1848இல் முடிவுற்ற பனை இல்லத்துக்கோ வேறொரு கவலை இருந்தது. வெயிலின் சுட்டெரிக்கும் கதிர்கள் இலைகளைக் கருக்கிவிடுமோ என்றஞ்சி, ராபர்ட் ஹன்ட் என்னும் அறிவியலாரின் யோசனைப்படி தாமிர ஆக்சைடு கலந்த பச்சைநிறக் கண்ணாடியைப் பதித்தனர். இங்கிலாந்து வெயிலுக்கே இந்த அச்சம் என்றால் நம் ஊர் வெயிலை என்னென்பது!

கூட்டுப்புழு காட்டிய வழி

1829ஆம் ஆண்டு. இலண்டனில் நத்தானியேல் வார்டு என்ற மருத்துவர் ஓர் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண்ணில் புதைத்து, கண்ணாடிப் புட்டியில் இட்டு மூடிவைத்தார். பூச்சிக்காகக் காத்திருந்தவரின் கண்ணில் பட்டது வேறொன்று. புட்டிக்குள் ஒரு பெரணியும் ஒரு புல்லும் முளைத்திருந்தன. நிலக்கரிப் புகை சூழ்ந்த அந்நகரில் அவர் தோட்டத்துப் பெரணிகள் பிழைக்காத நிலையில், மூடிய புட்டிக்குள் ஒன்று தழைத்தது!

காரணம் எளிது. பகலில் மண்ணிலிருந்தும் இலைகளிலிருந்தும் வெளியேறிய நீராவி கண்ணாடியில் பட்டுக் குளிர்ந்து, துளியாகி, மீண்டும் மண்ணுக்கே வந்தது. ஒருமுறை ஊற்றிய நீரே திரும்பத் திரும்பப் பயன்பட்டது. 1833இல் வார்டு இரு பெட்டிகளில் செடிகளை வைத்து, கண்ணாடியால் மூடி, ஆஸ்திரேலியாவிலுள்ள சிட்னிக்குக் கப்பலில் அனுப்பினார். பல மாதப் பயணத்துக்குப் பின்னும் செடிகள் உயிருடன் போய்ச் சேர்ந்தன.

இந்த 'வார்டு பெட்டி' உலகத் தாவரங்களையே இடம்பெயர்த்தது எனலாம். 1848க்குப் பின் ராபர்ட் பார்ச்சூன் சீனத்திலிருந்து தேயிலைச் செடிகளை இமயமலைச் சாரலுக்கு அனுப்பியது இப்பெட்டிகளில்தான். குடிநீரை மிச்சப்படுத்த மாலுமிகள் செடிகளை வாடவிட்ட காலம் மறைந்தது.

ஆனால் ஒன்றை இங்கே கவனிக்க வேண்டும். பெட்டி நீரை மிச்சப்படுத்தியது. அதற்கு ஒரு விலையும் கேட்டது. அந்த விலை என்னவென்று சின்கோனாச் செடிகள் கண்டுகொண்டன.

செங்கடலில் வெந்த செடிகள்

மலேரியாக் காய்ச்சலுக்கு அந்நாளில் இருந்த ஒரே உறுதியான மருந்து குவினைன். அது தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளில் வளரும் சின்கோனா மரத்தின் பட்டையிலிருந்து கிடைப்பது. இம்மரத்தை இந்தியாவில் பயிரிட ஆங்கில அரசு முனைந்தது. கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்பவர் 1860இல் பெரு நாட்டில் அலைந்து செடிகளைத் திரட்டி, வார்டு பெட்டிகளில் வைத்துக் கப்பலேற்றினார். சூயஸ் கால்வாய் திறக்கப்படாத காலம் அது, 1869இல்தான் திறந்தார்கள். பனாமா வழியே இங்கிலாந்துக்கும், அங்கிருந்து எகிப்துக்கும், பின் செங்கடல் வழியாகப் பம்பாய்க்கும் பெட்டிகள் பயணம் செய்தன. அவை சேரவேண்டிய இடம் நீலகிரியில் உதகமண்டலம்.

உலகத்தின் மிக வெப்பமான கடல்களுள் செங்கடல் ஒன்று. கோடையின் வெம்மை தணியாத பருவத்தில் பெட்டிகள் அதைக் கடந்தன. 1860 அக்டோபரில் உதகைக்கு வந்து சேர்ந்தபோது செடிகள் நைந்துபோயிருந்தன. பின்னர் அவை அனைத்துமே மடிந்தன.

பெட்டிக்குள் நீர் இருந்தது, மண் இருந்தது, ஒளியும் இருந்தது. பின் ஏன் மடிந்தன? இங்குதான் அந்த விலையைப் பற்றிப் பேச வேண்டும். இலை தன் உடற்சூட்டைத் தணித்துக்கொள்வது நீராவிப்போக்கினால். நமக்கு வியர்வை போல என்று சொல்லலாம். 30 டிகிரி அளவில் 1 கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். நண்பகல் வெயில் ஒரு சதுர மீட்டரில் நிமிடத்துக்குச் சுமார் 14,000 கலோரியைக் கொட்டுகிறது. அதை முழுவதும் ஆவியாதல் மூலமே போக்க வேண்டுமானால் நிமிடத்துக்கு 25 கிராம், அதாவது மணிக்கு ஒன்றரை லிட்டர் நீர் வேண்டும். இவ்வளவு திறன்வாய்ந்த குளிரூட்டி இலையிடம் இருக்கிறது. ஆனால் மூடிய பெட்டிக்குள் காற்று நீராவியால் நிறைந்துவிடுகிறது. நிறைந்த காற்றில் நீர் மேலும் ஆவியாவது அரிது. பெட்டி எந்த அளவுக்கு நீரைக் காக்கிறதோ அந்த அளவுக்கு இலையின் குளிரூட்டியை நிறுத்திவிடுகிறது. வடகடலில் இதனால் கேடில்லை. செங்கடலில் இதுவே சாவு.

அடுத்த முயற்சி வேறு பருவத்தில் நடந்தது. ரிச்சர்ட் ஸ்புரூஸ் ஈக்குவடாரில் திரட்டிய செம்பட்டைச் சின்கோனாச் செடிகளை ராபர்ட் கிராஸ் என்னும் தோட்டக்கலைஞர் உடனிருந்து கவனித்து 1861 ஜனவரியில் கொண்டு புறப்பட்டார். கோடை தொடங்குமுன் செங்கடலைக் கடந்தாயிற்று. ஏப்ரலில் நானூற்றுக்கும் மேற்பட்ட செடிகள் உதகையில் உயிருடன் இறங்கின. பெட்டியின் அமைப்பு அதேதான். மாறியது நாள்காட்டியும் அருகிருந்து பார்த்துக்கொண்ட ஆளும். வெப்பநிலை மேலாண்மை என்று நாம் இன்று பெரிய பெயரிட்டு அழைப்பதில் பாதி இதுதான் என்பது என் கருத்து.

உதகையில் அவற்றைப் பெற்றுக்கொண்டவர் வில்லியம் கிரகாம் மக்ஐவர். கியூ தோட்டத்தில் பயின்றவர். 1848இல் தொடங்கிய உதகைத் தாவரவியல் பூங்காவை உருவாக்கியவரும் அவரே. கண்ணாடியின்கீழ் துண்டுகளை வேர்பிடிக்கவைத்துச் செடிகளைப் பெருக்கிய பின், அவற்றைத் திறந்த வெளிக்குக் கொண்டுவந்தார். அங்கே அவர் பயன்படுத்திய வெப்பநிலைக் கருவி மலையே ஆகும். ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் காற்று சராசரியாக 6.5 டிகிரி குளிர்கிறது. சற்று வெம்மையை விரும்பும் செம்பட்டை இனம் தாழ்வான நடுவட்டத்துக்குப் போயிற்று. குளிரை விரும்பும் இனம் தொட்டபெட்டாவுக்கு ஏறியது. ஜாவாத் தீவில் டச்சுக்காரர்கள் அடர்ந்த காட்டின் நிழலில் சின்கோனாவை நட்டுக்கொண்டிருந்தபோது, மக்ஐவர் அதைத் திறந்த வெயிலில் நட்டார். மலைக்குளிரில் வெயிலுக்கு அஞ்சவேண்டியதில்லை என்ற அவர் துணிவு பலித்தது.

வெயில் நாட்டில் கண்ணாடி இல்லம் என்ன பணி செய்யும் என்பதற்குப் பெங்களூர் லால்பாக்கைப் பார்க்கலாம். 1889 நவம்பர் 30இல் அடிக்கல் நாட்டப்பட்ட அந்த எழிலான கண்ணாடி மாளிகை, மலர்க்கண்காட்சிகள் நடக்கும் கூடமாகவே புகழ்பெற்றது. குளிருக்கு நடுங்கும் செடிகள் அங்கு இல்லையே!

வுட் கேட்ட கேள்வி

கண்ணாடி இல்லம் ஏன் சூடாகிறது? பள்ளிப் புத்தகங்களில் ஒரு விடை உண்டு. கதிரவனின் ஒளி கண்ணாடி வழியே உள்ளே வருகிறது. சூடான மண் வெளிவிடும் அகச்சிவப்புக் கதிர்களைக் கண்ணாடி வெளியே விடுவதில்லை. எனவே வெப்பம் சிறைப்படுகிறது. கண்ணாடி அப்படிச் செய்வது உண்மைதான். ஆனால் சூட்டுக்கு அதுதான் முதன்மைக் காரணமா?

1909இல் அமெரிக்க இயற்பியலறிஞர் ராபர்ட் வுட் இதைச் சோதித்தார். இரண்டு அட்டைப்பெட்டிகளில் ஒன்றைக் கண்ணாடியால் மூடினார். மற்றொன்றை இந்துப்புப் படிகத் தகட்டால் மூடினார். இந்துப்பு அகச்சிவப்புக் கதிர்களைத் தடையின்றி விடும் பொருள். கதிர்களைச் சிறைபிடிப்பதால்தான் சூடு ஏறுகிறது என்றால் இந்துப்புப் பெட்டி குளிர்ந்திருக்க வேண்டும். நடந்தது என்ன? அதுவும் ஏறத்தாழ 65 டிகிரிவரை சூடேறியது. கண்ணாடிப் பெட்டியைவிடச் சற்று முந்திக்கொண்டது! வெயிலிலேயே இருக்கும் அகச்சிவப்புக் கதிர்களை இந்துப்பு உள்ளே விடுவது இதற்குக் காரணம் என்றுணர்ந்து, வெயிலை முதலில் வேறொரு கண்ணாடி வழியே செலுத்தினார். அப்போது இரண்டும் 55 டிகிரி அளவுக்கு ஏறின. வேறுபாடு ஒரு டிகிரிகூட இல்லை எனலாம்.

ஆகவே பகலில் கண்ணாடி இல்லம் சூடாவதற்குத் தலையாய காரணம் காற்றைச் சிறைப்படுத்துவதே ஆகும். திறந்த நிலத்தில் சூடான காற்று மேலெழுந்து சென்றுவிடும். குளிர்ந்த காற்று அதன் இடத்துக்கு வரும். கூரையும் சுவரும் இந்த வெப்பச்சலனத்தைத் தடுத்துவிடுகின்றன. கொரியரின் எண்ணெய்க் காகிதம் ஏன் செயல்பட்டது என்பது இப்போது விளங்கும். 1948இல் அமெரிக்காவின் கென்டக்கிப் பல்கலைக்கழகத்தில் எமெர்ட் என்பவர் கண்ணாடிக்கு மாற்றாகப் பிளாஸ்டிக் தாளைப் பயன்படுத்தி வெற்றி கண்டதும் இதனால்தான். பாலிதீன் தாள் அகச்சிவப்புக் கதிர்களைப் பெரும்பாலும் விட்டுவிடும்; காற்றை விடாது.

(பூமியின் வளிமண்டலம் செய்வது முற்றிலும் வேறு. அங்கே கரியமில வாயுவும் நீராவியும் அகச்சிவப்புக் கதிர்களை உறிஞ்சுவதே காரணம். 'பசுமை இல்ல விளைவு' என்ற பெயர்தான் பொருந்தாது, விளைவு உண்மை.)

மாணவர்கள் இச்சோதனையை எளிதில் செய்து பார்க்கலாம். உட்புறம் கறுப்புத் தாள் ஒட்டிய இரு செருப்புப் பெட்டிகள், ஒன்றுக்குக் கண்ணாடி, ஒன்றுக்குப் பாலிதீன் தாள், ஆளுக்கொரு வெப்பமானி போதும். பிறகு இரண்டிலும் பக்கவாட்டில் மேலும் கீழும் ஓர் அங்குலத் துளையிட்டுப் பாருங்கள். மூடியை மாற்றியதைவிடத் துளையிட்டதே வெப்பமானியை அதிகம் அசைக்கும்.

கொடிக்கால் என்னும் பசுமை இல்லம்

வுட்டின் முடிவைத் தலைகீழாகத் திருப்பினால் நம் நாட்டுக்கான வழி கிடைத்துவிடும். காற்றை அடைத்தால் சூடு. எனவே காற்றைத் திறந்துவிடு, வெயிலைக் குறை, நீரை ஆவியாக்கு. இம்மூன்றையும் இயற்பியல் படிக்காமலே செய்துவந்தவர்கள் நம் வெற்றிலைக் கொடிக்கால்காரர்கள்.

வெற்றிலை காட்டுநிழலில் பிறந்த கொடி. நேர்வெயிலும் வறண்ட காற்றும் அதற்கு ஆகா. தமிழகத்துக் கொடிக்கால்களில் அகத்தியை நெருக்கமான வரிசைகளில் விதைத்து வளர்த்து, அதன்மேல் கொடியை ஏற்றிக் கட்டுவர். அகத்தியின் சிற்றிலைகள் வெயிலை முற்றும் மறைப்பதில்லை. சல்லடைபோலப் பொடித்து இறக்குகின்றன. நிழல் மிகுந்தால் கிளையைக் கழித்துவிடுவர்; கழித்த தழை ஆட்டுக்கும் அடுக்களைக்கும் போகும். பாத்திகளுக்கு இடையே நீர் ஓடும் வாய்க்கால். மண்ணும் அகத்தியும் கொடியும் விடும் நீராவி உள்ளேயுள்ள காற்றைக் குளிர்விக்கிறது. ஆனால் கூரை மூடப்படாததால் காற்று தேங்கிப் புழுங்குவதில்லை. கோடை நண்பகலில் வரப்பிலிருந்து கொடிக்காலுக்குள் ஓரடி வைத்தவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. வங்காளத்திலும் ஒடிசாவிலும் மூங்கிலும் வைக்கோலும் கொண்டு பந்தலே கட்டி, உள்ளே வெற்றிலை வளர்க்கிறார்கள். கண்ணாடி இல்லங்களைப் பற்றிய ஆங்கில வரலாறுகளில் இவற்றுக்கு இடமில்லை. வெப்பத்தைச் சேர்ப்பது மட்டுமே வெப்பநிலைக் கலை என்று அவர்கள் கருதினார்கள் போலும்.

உதகையின் உறைபனி

பகலில் கதிர்வீசலுக்குச் சிறுபங்குதான் என்றோம். இரவில் கதை மாறும். டிசம்பர், ஜனவரி மாதங்களில் உதகையில் வானம் தெளிந்து காற்று அசையாதிருக்கும் இரவுகளில், புல்லும் இலையும் வானத்தை நோக்கி அகச்சிவப்புக் கதிர்களை வீசிக்கொண்டே இருக்கும். திரும்ப வருவது குறைவு. ஆளுயரத்தில் காற்று 3, 4 டிகிரி இருக்கும்போதே தரையிலுள்ள புல் பூச்சியத்துக்குக் கீழே இறங்கி, வெண்பனி படர்ந்துவிடும்.

உதகைத் தாவரவியல் பூங்காவில் இந்நாள்களில் மலர்ச்செடிகளைக் கோத்தகிரி மிலார் எனப்படும் செடிகளின் தழையால் மூடிவைப்பது வழக்கம். பார்ப்பதற்கு ஏதோ குப்பையைப் போர்த்தியது போலிருக்கும். ஆனால் இயற்பியல் நோக்கில், உலர்ந்த பாலிதீன் தாளைவிட அது மேலானது. பாலிதீன் அகச்சிவப்பை வானத்துக்கு விட்டுவிடும், தழை விடாது. தழை இலையைப் பார்க்கிறது, இலை தழையைப் பார்க்கிறது. இருவருமே ஏறத்தாழ ஒரே சூட்டில் இருப்பதால் இழப்பில்லை. தாளின் உட்புறம் நீர்த்துளி படிந்துவிட்டால் பாலிதீனும் ஓரளவு தேறும், ஏனெனில் நீர் அகச்சிவப்பைத் தடுக்கும்.

பழமலையின் அடிவாரத்தில்

இனி விருத்தாசலத்துக்கு வருவோம். விருத்தாசலம் என்றால் பழமலை, பெயரில்தான் மலை. ஊர் கடல்மட்டத்துக்கு மேல் 50 மீட்டர்கூட இல்லை. ரோஜா வளர்ப்புக்குப் பெயர்பெற்ற ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மக்ஐவரின் கணக்கைப் போட்டால் அங்கு ஐந்தரை டிகிரி இயற்கையாகவே குறைவு. ஓசூரில் பாலிதீன் பசுமைக்குடிலில் வெற்றி கண்டதை அப்படியே கடலூர் மாவட்டத்துச் சமவெளிக்குக் கொண்டுவர இயலாது என்பதற்கு இந்த ஐந்தரை டிகிரியே போதிய காரணம்.

2005-06இல் தேசியத் தோட்டக்கலை இயக்கம் தொடங்கியபின் பசுமைக்குடில் அமைக்க அரசு மானியம் கிடைக்கிறது. மீதிப் பணம் உழவருடையது, பெரும்பாலும் கடன். எனவே கூரையிடுமுன் சில கணக்குகளைப் போட்டே ஆகவேண்டும். விசிறியும் ஈர அட்டையும் வைத்துக் குளிர்விக்கலாம் என்பார்கள். அது மண்பானைத் தத்துவம். காற்றை ஈரக்குமிழ் வெப்பமானி காட்டும் அளவுக்குக் கீழே அதனால் கொண்டுபோக முடியாது. 40 டிகிரி வெப்பமும் 30 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள நாளில் அந்த எல்லை 26 டிகிரி. நல்ல பலன் கிடைக்கும். 34 டிகிரியும் 75 விழுக்காடும் உள்ள புழுக்க நாளில் எல்லை 30 டிகிரி. விசிறி ஓடுவதற்கான மின்கட்டணமே மிச்சம். அதைவிடக் கொடியது நண்பகலில் மின்சாரம் நின்றுபோவது. விசிறி நின்ற குடில் சில நிமிடங்களில் வுட்டின் அட்டைப்பெட்டி ஆகிவிடும். கூரை முகட்டில் சூடான காற்று தானே வெளியேறத் திறப்பும், பக்கங்களில் வலையும் உள்ள குடிலுக்கு மின்சாரம் தேவையில்லை. நம் சமவெளிக்கு அதைவிடவும் ஏற்றது நிழல்வலைக் குடில் என்பேன். அது கொடிக்காலின் பேரன்தான். அகத்திக்குப் பதில் வலை.

வீட்டுக்குள்ளும் முற்றத்திலும் செடி வைப்போர்க்கு இந்தப் பீங்கான் ஊரில் ஒரு நல்ல பாடம் கிடைக்கிறது. பொம்மைகளும் மின்காப்புப் பொருள்களும் செய்யும் நம் தொழிலாளர்கள் மெருகுப் பூச்சு இட்டுச் சுட்ட கலத்துக்கும், பூச்சில்லாமல் சுட்ட மண்தொட்டிக்கும் உள்ள வேறுபாட்டை நன்கறிவார்கள். பூச்சிட்டது நீரைக் கசியவிடாது. பூச்சில்லாத தொட்டியின் சுவரில் நீர் கசிந்து ஆவியாகிக்கொண்டே இருப்பதால் வேர் குளிர்ந்திருக்கும். வெயிலில் வைத்த கறுப்புப் பிளாஸ்டிக் பையிலோ இலைக்கு முன்பே வேர் வெந்துவிடும். அழகுக்காகப் பளபளப்பான தொட்டிதான் வேண்டும் என்பவர்கள் அதற்குள் ஒரு மண்தொட்டியை இறக்கி, இரண்டுக்கும் இடையே காற்று புக இடம் விடலாம்.

விருத்தாசலத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வி.ஆர்.ஐ. என்ற எழுத்துகளைத் தாங்கிய முந்திரி, நிலக்கடலை இரகங்கள் அங்கிருந்து வந்தவை. முந்திரியில் இன்று பெரிதும் கையாளப்படுவது இளந்தண்டு ஒட்டு முறை. நாற்றின் தண்டை வெட்டிப் பிளந்து, நல்ல மரத்தின் குச்சியைச் செருகிக் கட்டிய பின், குச்சியின்மேல் ஒரு சிறு பாலிதீன் உறையைத் தொப்பி போல மாட்டுவார்கள். குச்சிக்கு இன்னும் வேருடன் தொடர்பு ஏற்படவில்லை. ஆவியாகும் ஒவ்வொரு துளியும் அதற்கு இழப்பு. உறைக்குள் நீராவி நிறைந்து அந்த இழப்பைத் தடுக்கிறது. விரல் பருமனுள்ள வார்டு பெட்டி இது! பெட்டியின் விலையையும் அவர்கள் அறிந்திருக்கிறார்கள். ஆகவேதான் உறை மாட்டிய ஒட்டுச்செடிகளை வெயிலில் வைக்காமல் நிழலில் வைக்கிறார்கள். பத்துப் பதினைந்து நாளில் குச்சி பிடித்துத் துளிர் விட்டதும் முதலில் உறையைக் கழற்றிவிட்டு, அதன்பிறகே செடியைத் திறந்த வெளிக்கு மாற்றுகிறார்கள்.